கன்னிமூலையில் போடாத துளை

இசக்கிதுரைக்கு ஒரு பழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார். விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணாலேயே அளந்து, "அடிமண்ணு சரியில்ல" என்றோ "பூச்சுதான், பயப்படாதிய" என்றோ சொன்ன பிறகே நாற்காலியில் உட்காருவார். மேலகரத்தில் இருபத்திரண்டு வருஷமாக மண் பரிசோதனை செய்கிறவர். ஊரார் சுவரில் குறை கண்டுபிடிக்க அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தன் குறை என்று வந்தபோதுதான் மனிதருக்கு வாய் அடைத்துப்போயிற்று.

வேலை எளிதில்லை. மூன்று கால் இரும்புச் சட்டத்தை நட்டு, கப்பியில் கயிறு போட்டு, அறுபது கிலோவுக்கு மேல் கனமுள்ள இரும்பைத் தூக்கித் தூக்கிப் போட வேண்டும். எத்தனை போட்டால் குழாய் எவ்வளவு இறங்குகிறது என்று எண்ணி எழுத வேண்டும். பாறை தட்டினால் அதோடு நிறுத்தக் கூடாது. மலையடிவாரத்தில் எப்போதோ உருண்டு வந்து புதைந்த கல்லும் பாறை மாதிரியேதான் 'ணங்' என்னும். அதையும் துளைத்துக் கீழே போனால்தான் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். இதைத் தன் ஆட்களிடம் நூறு தடவை சொன்னவர் சாட்சாத் இசக்கிதுரையேதான்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஹெட் கான்ஸ்டபிள் வேல்விழி ஐந்தருவிப் பக்கம் ஒரு சரிவில் ஒன்பது சென்ட் வாங்கினாள். இசக்கிதுரையோடு படித்தவரின் தங்கை. ஆடி பிறந்துவிட்டால் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட அவள் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். ஆனியில் ஐந்து நாள்தான் பாக்கி. ஆனிக் கடைசியில் குற்றாலத்துச் சாரல் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல நேரம் பார்க்கிற நம் ஜனங்கள் மழையைப் பார்ப்பதில்லை.

சரிவின் கீழே ஒரு துளை, நடுவே ஒரு துளை, இரண்டும் ஒழுங்காகப் போட்டார்கள். மேலே தென்மேற்கில், கன்னிமூலையில், மூன்றாவது போட வேண்டும். சட்டத்தை ஏற்றினால் கால் வழுக்கியது. ஆட்கள் இரண்டு பேரும் நனைந்து நடுங்கினார்கள். இசக்கிதுரை கடப்பாரையை வாங்கி நாலு குத்து குத்தினார். இடுப்பளவு ஆழம்கூடப் போகவில்லை, 'ணங்' என்றது.

"பாறைதாம்ல. சாமானை ஏத்துங்க" என்றார்.

ரிப்போர்ட்டில் 'மூன்றாவது துளை, ஒரு மீட்டரில் கெட்டிப் பாறை' என்று எழுதினார். ஆழம், எண்ணிக்கை எல்லாம் சொந்தக் கற்பனை. எழுதியதில் ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை. இப்போது நினைத்தால் அதுதான் அவருக்குப் பெரிய அவமானமாக இருக்கிறது.

கன்னிமூலையில் பாரம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். அதனால் படுக்கையறையும் அங்கே, மாடியில் தண்ணீர்த் தொட்டியும் அங்கே. இந்த வருஷச் சாரலில் அந்த மூலை இறங்கி, சுவர் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்தது. எல்லோரும் கொத்தனார் கைலாசத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சிமெண்டைக் குறைத்துவிட்டான் என்று பேச்சு பரவி, அச்சன்புதூரில் அவர் பேசி முடித்திருந்த வேலையும் கைநழுவிப் போயிற்று.

வேல்விழி இசக்கிதுரைக்குப் போன் செய்தாள். "அண்ணாச்சி, நீங்க வந்து பாத்துச் சொல்லிருங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தக் கொத்தனார் மேல கம்ப்ளைண்ட் எழுதிருவேன்."

போகாமல் இருக்க முதுகுவலி, காய்ச்சல் எல்லாம் யோசித்துப் பார்த்தார். கடைசியில் போனார். அஸ்திவாரத்தின் ஓரமாகத் தோண்டச் சொன்னார். ஒரு ஆட்டோ அளவு உருண்டைக்கல் தெரிந்தது. அதன் அடியில் குழைந்த களிமண், அதிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அவருக்கு அந்தக் குழிக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

வேல்விழி வரச் சொல்லி வந்திருந்த கைலாசம், குழியோரம் நின்றபடி மெதுவாகச் சொன்னார். "தப்பு எம்மேலதான், மேடம். வானம் தோண்டும்போதே கல்லோட ஓரம் வளைஞ்சு உள்ள போனதைப் பாத்தேன். இது பாறையா, உருண்டைக்கல்லான்னு கேக்கணும்னு தோணிச்சு. அண்ணாச்சி மெஷின் வச்சுப் பாத்து எழுதியிருக்காவ, நாம என்ன பெருசாக் கண்டோம்னு விட்டுட்டேன்."

அந்த ஒரு நொடி, அப்படியே இருக்கட்டும் என்று இசக்கிதுரையின் மனம் சொன்னது. அதை மறைத்துவிட்டு இவரை நல்லவர் என்று எழுதினால், கதை சொல்கிற நானும் இன்னொரு பொய் ரிப்போர்ட் எழுதியதாகிவிடும். அடுத்த நொடி அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"அங்கன மெஷினே வைக்கல தாயி" என்றார், குழியைப் பார்த்தபடி. "கடப்பாரையால குத்திப் பாத்துட்டு எழுதினேன். இவருமேல ஒரு தப்பும் இல்ல."

வேல்விழி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவள் கைலாசத்திடம், "அண்ணே, உங்கள நாலு பேரு முன்னால கேவலமாப் பேசிட்டேன்" என்றாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, ஸ்டேஷனில் கேட்கிற நிதானத்தோடு கேட்டாள்.

"இந்த வீட்டுக்கு மட்டுந்தானா அண்ணாச்சி?"

ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தார். ஆனால் புளியறை மேட்டில் ஒரு வீடு இருக்கிறது. அன்றைக்கும் சாரல், அன்றைக்கும் கடப்பாரைதான்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார்.

"இப்பமே கூப்பிடுங்க. நான் இங்கனதான் நிக்கேன்."

போனை எடுத்தார். நம்பரைத் தேட நேரமாயிற்று. மறுமுனையில் அந்த வீட்டம்மாவின் குரல் சந்தோஷமாகக் கேட்டது. "அண்ணாச்சியா? நல்லாருக்கியளா? இந்த மழைக்கு ஊரே பயந்து கெடக்கு. எங்களுக்குப் பயமே இல்ல. இசக்கிதுரை அண்ணாச்சி பாத்துக் குடுத்த எடம்லான்னுதான் எல்லார்ட்டயும் சொல்லுதேன்."