ரூலி என்றொரு சொல்

மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில் எங்கள் குசினிச் சுவரில் ஒரு வெள்ளைத் தொலைபேசி தொங்கியது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு ஞாயிறு, அதை வைத்துவிட்டு வெற்றியோடு திரும்பிய மாமியின் முகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

"பெடியன் ரூலியாம். தானே சொன்னவன். எண்டால், சரியான அமைதியான ஆள்."

அக்காவுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு அறைக்குள் ஏழு பேர் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்த வீடு அது. சத்தம் போடாத ஒருவரைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றாள். மாப்பிள்ளை சுவீடனில் வளர்ந்தவர். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். மாமியோ எங்களிடம் வருமுன் நோர்வேயில் நெடுங்காலம் இருந்தவர். அந்த இரண்டு நாட்டாருக்கும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்குமாம். ஆகவே விசாரணை முழுவதும் மாமியுடையதாயிற்று. அக்கா சம்மதித்தாள்.

கலியாணத்துக்கு வந்திறங்கிய மாப்பிள்ளை, விமான நிலையத்திலிருந்து வீடு வருவதற்குள் அப்பாவின் கார், மொன்ட்ரியால் குளிர், தன்னுடைய மூக்கு எல்லாவற்றையும் பகிடி பண்ணிச் சிரித்து முடித்துவிட்டார். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தக் கலியாணம் வேண்டாம் என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மாமி அவரை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். "தம்பி, ரூலி எண்டெல்லோ சொன்னனீர்?"

"ஓம் அன்ரி. பகிடியான ஆள்."

மாமிக்கு முகம் செத்துப்போனது. நோர்வேயின் பேர்கனில் தன்னோடு வேலை செய்த ஒருத்தியைத் தொலைபேசியில் பிடித்து விசாரித்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்று அக்காவுக்கு விளக்கினார். ரூ என்றால் அங்கெல்லாம் அமைதி. முன்பு எல்லோருக்கும் ரூலி அமைதிதான். சுவீடன்காரருக்கு மட்டும் அந்த அமைதி இதமாகி, இதம் போகப்போக வேடிக்கையாகிவிட்டது. "ஆனால் பிள்ளை, அதுக்கு எதிரான ஊரூலி எண்டால் ரெண்டு நாட்டிலயும் மனம் பதறி அந்தரப்படுறதுதான். அது மாறேல்லை."

கதவு அசையவில்லை. மாப்பிள்ளை எழுந்து வந்தார். முதல்முறையாகப் பகிடி எதுவும் இல்லாமல், "நான் இப்ப ஊரூலி" என்றார்.

அக்கா கதவைத் திறந்தாள்.

மாமி இப்போது இல்லை. அவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். அக்காவும் அத்தானும் பக்கத்துப் புவாண்ட்-கிளேரில் இருக்கிறார்கள். தொலைபேசி சுவரிலிருந்து சட்டைப்பைக்கு வந்துவிட்டது. அக்கா அழைத்தால் பின்னால் அத்தானின் பகிடி கேட்கும். வாயை மூடச் சொல்லி அவள் அதட்டுவாள். போன கிழமை அழைத்தபோது அந்தச் சத்தத்தைக் காணோம்.

"அத்தான் எங்கை?"

"கடைக்குப் பால் வாங்கப் போனவர், இன்னும் காணேல்லை. வீடு ஒரே அமைதி," என்றாள் அக்கா. "எனக்கு ஊரூலியாக் கிடக்கு."