என் ஓரகத்தி எழுதிய மனு

என் ஓரகத்தியைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்கு வயிறு எரியும். மறைத்து என்ன ஆகப்போகிறது? என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு அவள் வந்த நாளிலிருந்து, இருபத்தாறு வருடமாக எரிகிறது.

அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். விரல்கள் எப்போதும் ஊறிப்போய் வெளுத்திருக்கும். எங்கள் தேவாலயத்துச் சபைப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘சோப்பு அக்கா’. எனக்கு அப்படிப் பெயர் வைத்திருந்தால் நான் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டேன். அவளோ கூப்பிட்டதும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். சாவு வீடானாலும் பிரசவமானாலும் முதலில் ஆள் போவது அவளிடம்தான். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவள், சபையின் செயலாளர், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். என்னைத் தேடி வருபவர்கள் விண்ணப்பம் எழுதத்தான் வருவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. படுத்த படுக்கை. வாரத்தில் மூன்று நாள் அரசாங்கத்திலிருந்து ஓர் உதவியாளர் வருவார். நல்ல வாட்டசாட்டமான மனிதர். இவரைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டி, முதுகில் புண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். அந்த மூன்று நாளை வைத்துத்தான் எங்கள் வாரமே ஓடியது. போன வருடம், செலவைக் குறைக்கிறோம் என்று அந்தத் திட்டத்தையே மூடப்போவதாக அறிவித்தார்கள்.

எங்கள் சபையில் மட்டும் ஒன்பது வீடுகளில் இப்படிக் கிடக்கிறார்கள். போதகர் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தினார். “ஜெபம் பண்ணுவோம். முழங்கால் போட்டவங்க அப்புறம் எழுந்து நடக்கவும் வேணும். மனுப் போடுவோம்” என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பொய் சொல்வானேன், குளிர்ந்துவிட்டேன்.

மூன்று இரவு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். அதில் ஏழு வேத வசனங்கள், மூன்று சட்டப் பிரிவுகள். என் வீட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. வீட்டு விஷயத்தைச் சந்திக்கு இழுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாரையும் பெஞ்சில் உட்காரவைத்து, பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல வரிவரியாகச் சொல்லி எழுதவைத்தேன். ஒரு வார்த்தை மாறினாலும் புதுத்தாள் கொடுத்துத் திரும்ப எழுதச் சொன்னேன். நாற்பத்தோரு மனுக்கள் சேர்ந்தன.

அவள் வேலை முடிந்து தாமதமாக வந்தாள். “அக்கா, இதுல எல்லாம் பெரிய பெரிய வார்த்தையா இருக்கு. நான் என் போக்குல எழுதட்டுமா?”

“எழுதேன், யார் வேணாம்னா? கட்டுக்கு அடியில வச்சுடறேன்.”

சலவைக்கூடத்துத் துண்டுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். நான் படித்துப் பார்க்கவில்லை. இவள் எழுதி என்ன கிழித்துவிடப் போகிறாள் என்ற எண்ணம்தான்.

மனுக்களின் பேரில் வைத்த விசாரணைக்கு நாங்கள் எல்லாரும் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியம்மா கட்டைப் புரட்டிவிட்டு, “உங்க சபையிலேர்ந்து ரெண்டு மனு வந்திருக்கு” என்றார்.

நான் எழுந்தேன். “நாப்பத்திரண்டு, மேடம்.”

“ஒரே வாசகத்துல வர்றது எத்தனை வந்தாலும் எங்க விதிப்படி ஒண்ணுதாம்மா. நாப்பத்தோரு பேரும் எழுத்து மாறாம எழுதியிருக்கீங்க.”

எழுத்து மாறினால் திரும்ப எழுதவைத்தது யார் என்று பின்னால் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நல்லவேளை, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதிகாரியம்மா அந்தத் துண்டுச்சீட்டை எடுத்துச் சத்தமாக வாசித்தார்.

“எங்க மாமா அறுபத்தெட்டு கிலோ. அக்கா நாப்பத்தஞ்சு கிலோ. ஆள் வராத நாள்ல அக்காவே பொரட்டிப் படுக்க வைக்குது. போன மாசம் அப்படிப் பொரட்டும்போது ரெண்டு பேரும் கீழ விழுந்துட்டாங்க. நான் போய்த் தூக்குற வரைக்கும் ஒன்றரை மணி நேரம் தரையிலயே கெடந்தாங்க. அக்கா சத்தம் போட்டு யாரையும் கூப்பிடல. வெக்கப்பட்டுக்கிட்டு கெடந்துச்சு. மாமா விரிப்பை நான்தான் துவைக்கிறேன். ஆள் வந்த மறுநாள் விரிப்பு சுத்தமா இருக்கும். ரெண்டு நாள் வரலன்னா ரத்தக்கறை இருக்கும். அக்கா இதையெல்லாம் எழுதாது. அதான் நான் எழுதறேன்.”

எனக்குக் கூசியது. எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. அது அடங்குவதற்குள் பழைய புத்தி தலையெடுத்தது. விழுந்தது நான், தரையில் கிடந்தது நான், எழுத்தராக இருந்ததும் நான். என் வீட்டுக் கஷ்டத்தையும் இவள்தானா எழுத வேண்டும்?

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. நோயாளியைத் தனியாகத் தூக்க முடியாதவர்கள் இருக்கும் வீடுகளுக்கு உதவியாளர் தொடர்ந்து வருவார். எங்கள் ஒன்பது வீடும் அதில் சேர்ந்தது. போதகர் அவளை எழுப்பி நிறுத்தி நன்றி சொன்னபோது, “அக்காதான் எல்லாரையும் உக்கார வச்சு எழுத வச்சாங்க” என்றாள். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவது என்றால் இதுதான். கொஞ்சம் கர்வப்பட்டிருந்தாலாவது நான் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே உத்தரவை வாசித்துக் காட்டினேன். விசாரணையில் நடந்ததையும் அன்றுதான் ஒன்று விடாமல் சொன்னேன். நோய் வந்ததிலிருந்து ‘ம்’, ‘தண்ணி’ தவிர அவர் வாயில் ஒரு வார்த்தை வந்ததில்லை. கேட்டு முடித்ததும் உதட்டை வெகுநேரம் கோணினார். விக்கலோ என்று பயந்து கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“அவ... நல்லா... எழுதியிருக்கா.”

அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் கேட்டு இரண்டு வருடமாகியிருந்தது. அவர் வாயைத் துடைத்துவிட்டு, கட்டிலில் நெருங்கி உட்கார்ந்தேன்.

“எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க” என்றேன்.