பேப்பர் பார்க்கும் கறுப்பு

அன்று சங்கக் கூடத்தில் இருந்தவர்கள்: தோணி ஓட்டும் தண்டல்கள் சங்கத்தின் தலைவர். பங்குச் சாமியார். இறந்துபோன தண்டலின் மனைவி. அவள் என் தங்கச்சி. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த அவள் மகன். என் ஸ்டுடியோ முதலாளி. லேப் அக்கா. கடைசியாக, கதவை ஒட்டி, நான். சாமியார் படத்தின் துணியை விலக்கியதும் மச்சான் சுவரிலிருந்து எங்களைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, கறுத்த முகம், நரை கலந்த தாடி. எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். நான் லேப் அக்காவைப் பார்த்தேன். அந்தப் படத்தின் நெகட்டிவ் அவர் செய்தது. அவரோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயர்புரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். அப்போது இருட்டறையில் இருபத்திரண்டு வருசம் ஆகியிருந்தது. பிலிம் சுருள் போனபிறகும் எங்கள் ஸ்டுடியோவில் இருட்டறையை மூடவில்லை. காரணம் அந்தச் சங்கம். தோணியைக் கொழும்புக்கும் மாலேவுக்கும் கொண்டுபோன தண்டல் இறந்தால், வருசத் திருப்பலி அன்று அவர் படத்தைக் கூடத்தில் மாட்டுவது வழக்கம். மெஷினில் அடித்த கலர் படங்கள் கடல்காற்றில் வெளுத்துப்போயின. மருந்தில் கழுவிய கறுப்பு வெள்ளைப் படங்கள் அப்படியே நின்றன. கழுவிய படம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் இப்போது ஆள் படம் இருப்பது செல்போனில். அதைக் கம்ப்யூட்டரில் நெகட்டிவாக மாற்றி, கண்ணாடி மாதிரியான பிலிம் தாளில் இங்க்ஜெட் பிரிண்டரில் அடிக்க வேண்டும். அந்தத் தாளைப் போட்டோ பேப்பர் மேல் வைத்து அழுத்தி லைட் காட்ட வேண்டும். இங்க் வெளிச்சத்தை மறிக்கிற இடம் படத்தில் வெள்ளையாக நிற்கும். மறிக்காத இடம் கறுக்கும். அவ்வளவுதான் வேலை.

எனக்கு இங்க் என்றால் கறுப்பு. கடையில் இருந்ததிலேயே கறுப்பானதை வாங்கினேன். லேசாக அடித்தால் வெளிச்சம் ஊடே நுழைந்தது. வெள்ளைச் சட்டை சாம்பலாக வந்தது. கனமாக அடித்தால் உப்புக் காற்றில் இங்க் காயாமல் பேப்பரில் ஒட்டிக்கொண்டது. பேப்பர் பழசு என்று முதலாளியிடம் சொன்னேன். மூன்று மாதம் கேட்டுக்கொண்டார். பிறகு லேப் அக்காவைக் கூட்டி வந்தார். கல்லூரி லேபில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பில் போட வந்தவர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவர் நாலு வகை இங்க் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கீற்று அடித்து ஜன்னலில் ஒட்டினார். காலையில் வந்ததும் ஒவ்வொன்றிலும் பெருவிரலை வைத்துப் பார்ப்பார். மூன்றாம் நாளும் விரலில் ஒட்டிய இரண்டைத் தூரப் போட்டார். மிச்சத்தில் ஒன்று மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், கொஞ்சம் கெட்டியான இங்க். அந்த வகையிலும் கறுப்பை அவர் அதிகம் தொடவில்லை. மஞ்சளையும் மெஜந்தாவையும் கூட்டி அடித்தார். தாளைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் காலண்டர் தெரிந்தது.

“என்னக்கா இது, டீ சிந்துன மாரி இருக்கு. இதுல வெளிச்சம் நிக்குமா?” என்றேன்.

“நம்ம கண்ணு பாக்கதுக்கு இல்ல தம்பி. பேப்பரு பாக்கதுக்கு. ஒங்க ரூம்ல என்ன பல்பு எரியுது?”

சிவப்பு பல்பு. இருபத்திரண்டு வருசம் அதன் அடியில் நின்றவன் நான். அந்தப் பேப்பருக்குச் சிவப்பு தெரியாது, அதனால்தான் அந்த பல்பு. இதை ஸ்டுடியோவில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். செம்மஞ்சள் இங்க் வழியாக வருகிற வெளிச்சமும் பேப்பருக்கு இருட்டுதான் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. வந்து பத்து நாள் ஆன ஒருவருக்குத் தோன்றியது. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க நான் தயாரில்லை.

அந்த மாதம்தான் மச்சானுக்கு வருசம் வந்தது. என் கறுப்பு நெகட்டிவில் ஒரு படம், லேப் அக்கா நெகட்டிவில் ஒரு படம். இரண்டையும் கழுவியது நான்தான். தங்கச்சி எதைச் சொல்கிறாளோ அது கூடத்துக்கு என்றார் முதலாளி. இரண்டையும் பையில் போட்டு அவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். என் மச்சான், என் தங்கச்சி, என் கை வேலை. பையிலிருந்து என்னுடையதை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். இன்னொன்று இருப்பதைச் சொல்லவில்லை.

தங்கச்சி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. சட்ட மட்டும் மழைல நனஞ்ச மாரி இருக்கு” என்றாள். பிறகு பையைப் பார்த்தாள். “அதுல என்னண்ணே?”

எடுத்துக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். நான் எழுந்திருக்கவில்லை. மச்சான் கரையில் இருக்கும் நாட்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தாடியில் நரை பிடுங்கிக்கொண்டிருப்பாள். அவர் திட்டிக்கொண்டே முகத்தைக் கொடுப்பார். அது எனக்கும் தெரியும்.

“நான் பிடுங்காம விட்ட நரையெல்லாம் இதுல இருக்குண்ணே” என்றாள். திரும்பாமலே, “இத ஏன் மொதல்லயே காட்டல?” என்றாள்.

என்னுடையதை எடுத்துத் திரும்பப் பையில் வைத்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

லேப் அக்கா இப்போது வேலைக்கு வருவதில்லை. எந்த இங்க் எத்தனை பங்கு என்று அவர் எழுதி ஒட்டிய தாள் பிரிண்டர் மேல் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அடிக்கிறேன். எப்போதாவது போன் பண்ணுவார். “எப்டி வருது தம்பி?” என்பார். “வருது” என்பேன். கூடத்துக்கு அதன்பின் போன படங்களெல்லாம் நான் செய்தவை. சட்டைகள் வெள்ளையாக இருக்கின்றன. தலைவர் என் கையைப் பிடித்துப் பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்குள் இறங்கவில்லை. அது யாருக்குப் போக வேண்டியது என்று எனக்குத் தெரியும்.

என்னுடைய அந்தப் படம் வீட்டுப் பீரோவில், பேப்பர் சுற்றி இருக்கிறது. போன வாரம் இன்னொரு தண்டலுக்குப் படம் மாட்டப் போகும் முன் அதைப் பிரித்து, மச்சான் தாடியில் நரையை எண்ணினேன். நாலு. கூடத்தில் எல்லாரும் கிளம்பியபின் ஸ்டூலை மச்சான் படத்துக்குக் கீழே இழுத்துப் போட்டு ஏறினேன். கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தது. வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, காதோரத்தில் ஆரம்பித்து மெதுவாக எண்ணினேன். சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன்.

பத்தொன்பது.