வாங்க என்று சொல்லாத நாள்

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் 'வாங்க' என்று சொல்ல எனக்கு வாய் எழாது. எழுந்து நிற்பேன், பாயை எடுத்துப் போடுவேன், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பேன், சிரிக்கவும் சிரிப்பேன். அந்த ஒரு சொல் மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடும். மருமகளுக்கு இதில் ரொம்ப வருத்தம். "வந்தவங்க இன்னா நெனைப்பாங்க அத்தே? ஒரு வார்த்த சொன்னா வாய்ல கீற முத்து கொட்டிடுமா?" என்பாள். கூச்ச சுபாவம் என்று சொந்தக்காரர்கள் விட்டுவிட்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் எதிர் வீட்டுச் சுவரில் பேங்க்காரர்கள் சிவப்பு பெயிண்டில் எழுதிவிட்டுப் போனார்கள். ஏலமாம். இப்போதெல்லாம் ஏலம் கம்ப்யூட்டரில் நடக்கிறதாம். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு விலை கேட்கிறார்கள், வீட்டுக்காரன் முகத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை என்று மருமகள் சொன்னாள். நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டுக்காரம்மா விடிவதற்குள் கோலம் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நானும் அவள் உள்ளே போகும்வரை கதவைத் திறப்பதில்லை. எனக்கு அந்தக் கோலம் தெரியும். எங்கள் வீட்டு வாசலிலும் அப்படி ஒரு கோலம் இருந்தது.

அப்போது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். கோயில் மலைப்படிக்குப் போகிற சந்தில் எங்களுக்கு நாட்டு ஓடு போட்ட வீடு ஒன்று இருந்தது. பின்னால் கிணறு, கிணற்றோரம் முருங்கை மரம். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; நைனாவுக்கு அடிவாரத்தில் தேங்காய், கற்பூரக் கடை. தன் தங்கையின் கல்யாணத்துக்காக வீட்டை அரக்கோணத்து வட்டிக்காரர் ஒருவரிடம் அடமானம் வைத்திருந்தார். கல்யாணம் ஒரே நாளில் முடிந்தது; வட்டி முடியவில்லை. வட்டிக்காரர் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டிலிருந்து அமீனா வந்து எங்கள் கதவில் பசை தடவி ஒரு காகிதத்தை ஒட்டினார். அதைக் கிழித்தால் குற்றம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மூடினால் குற்றம் என்று சொல்லவில்லை. அதனால் அம்மா தினமும் கதவின்மேல் ஒரு புடவையைக் காயப்போட்டாள். காய்ந்த புடவையையே நனைத்து மறுபடி காயப்போட்டாள்.

காகிதத்தை மூடலாம், தமுக்கை எதைப் போட்டு மூடுவது? ஏலத்துக்கு முன்னால் தெருத்தெருவாகத் தமுக்கு அடித்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நைனாவின் பேர், அவருடைய அப்பாவின் பேர், பிறகு வீட்டின் நாலு எல்லை: கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் வீடு என்று. கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரம்மா மாவுக் கையோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். "கடன் வாங்கனது நீங்க. எங்க வூட்டுக்காரு பேர இன்னாத்துக்குத் தமுக்குல போட்டுகினு போறான்? எங்கம்மா கடைத்தெருவுல நின்னுகினு கேட்டுட்டு, ஒம் புருஷன் வூடும் போச்சான்னு அழுதுகினு ஓடியாறா!" அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் சிலேட்டைப் பிடுங்கி உயரத் தூக்கி, "ஒருதரம், ரெண்டுதரம்" என்று ஏலம் விட்டார்கள். யாரும் எடுக்கவில்லை. அது இன்னும் வெட்கமாக இருந்தது.

ஏலம் எப்படி நடக்கும் என்பதை நைனா அம்மாவுக்கு அடுப்பங்கரையில் உட்கார்ந்து சொன்னார். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கடைசியாகக் கேட்டவருக்கு வீடு. கால் பங்குப் பணத்தை அங்கேயே கட்டிவிட வேண்டும், மீதியைப் பதினைந்து நாளில் கட்டவேண்டும். கட்டவில்லை என்றால் மறு ஏலம். ஏலம் முடிந்த பிறகும், வீட்டுக்காரன் ஒரு மாதத்துக்குள் மொத்தக் கடனையும் கட்டினால் வீடு அவனுக்கே.

"அவ்ளோ இருந்தா ஏலத்துக்கு ஏன் வருது?" என்றாள் அம்மா.

தெருக்காரர்கள் நல்லவர்கள். யாரும் ஏலம் கேட்பதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் கடன் கொடுத்தவரும் கோர்ட்டில் உத்தரவு வாங்கிக்கொண்டு கேட்கலாமாம். வட்டிக்காரர் உத்தரவு வாங்கி வைத்திருந்தார். எதிரே கேட்க ஆள் இல்லை என்றால் வீட்டை அடிமாட்டு விலைக்குத் தட்டிக்கொண்டு போய்விடுவார்.

அப்போதுதான் மணவூர் மாமா ஒரு யோசனை சொன்னார். அவர் அம்மாவின் அண்ணன், வாய் ஓயாத மனிதர். ரயிலைவிட்டு இறங்கி வரும்போதே தெருமுனையிலிருந்து என்னை "கொய்யாக்கா!" என்று கூப்பிடுவார். மடியில் எனக்கு எப்போதும் நாலு கொய்யா இருக்கும். அவர் தன் உழவு மாட்டு ஜோடியையும் குதிரில் இருந்த நெல்லையும் விற்று, யாரோ அசலூர்க்காரர் போல வந்து, எங்கள் வீட்டை ஏலத்தில் எடுத்துவிடுவார்; மொத்தக் கடனையும் அடைக்க அந்தப் பணம் போதாது. நாங்கள் அதே வீட்டில் இருந்துகொண்டு மெதுவாகத் திருப்பிக் கொடுத்தால் போதும். ஒரே ஒரு கஷ்டம். எங்கள் ஆள் பணத்தோடு நிற்கிறார் என்று தெரிந்தால் வட்டிக்காரரின் கணக்குப்பிள்ளை வேண்டுமென்றே விலையை ஏற்றிக்கொண்டே போவான்.

ஏலத்துக்கு முன் நாள் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு மாமா வருவாரு. ஆனா அவரு மாமா இல்ல. இன்னா?"

"ஆங்."

"வாங்கன்னு சொல்லக் கூடாது. ஓடிப்போயி மடியத் தொழாவக் கூடாது. ஆரோ மாதிரி நின்னுகினு இருக்கணும்."

எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. அம்மாவின் கை மட்டும் பின்னலை மூன்று முறை அவிழ்த்து மூன்று முறை பின்னியது.

மறுநாள் வெயில் ஏறியதும் அமீனா வந்தார், தமுக்குக்காரர் வந்தார், குடையோடு கணக்குப்பிள்ளை வந்தார். அமீனாவுக்கு நாங்களே நாற்காலி போட்டோம். தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. மாமா கடைசியாக வந்தார். அவரைத் தெரிந்த தெருக்காரர்களும் தெரியாதது போல நின்றார்கள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. எங்கள் வாசலில் வந்து நின்றார். வீட்டுக்கு வந்தவரை 'வாங்க' என்று சொல்லாமல் நிற்கவைப்பது எங்கள் பக்கத்தில் செருப்பால் அடிப்பதற்குச் சமம். நைனா முருங்கை மரத்தைப் பார்த்தார். அம்மா கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தச் சொல் வாய்க்குள் கொய்யா விதை மாதிரி உருண்டது.

மாமா நன்றாகத்தான் நடித்தார். மாட்டுச் சந்தையில் பழகியவர் அல்லவா. வாங்குகிறவன் பொருளைக் குறை சொல்ல வேண்டும் என்று சுவரைத் தட்டிப் பார்த்தார், காலால் உதைத்தார். "இன்னாங்க இது, செவுரா? ஊதுனா வுழுந்துடும் போலக்கீது" என்றார். தெரு சிரித்தது. கிணற்றை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கணக்குப்பிள்ளை விலையை ஏற்றினான். மாமா யோசிப்பது போலத் தலையைச் சொறிந்துவிட்டுக் கொஞ்சம் ஏற்றினார். கணக்குப்பிள்ளை மறுபடி ஏற்றினான்.

"இதுவே ஜாஸ்திங்க. மேக்கால மூலையில மழ பேஞ்சா குண்டான் வெக்கணும்" என்றார் மாமா.

சித்திரை மாதம். மழை பெய்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. குண்டான் வைக்கிற விஷயம் வீட்டில் படுத்துத் தூங்கினவர்களுக்குத்தான் தெரியும். நைனாவின் முகம் செத்துப் போயிற்று. கணக்குப்பிள்ளை குடையை மடக்கினான். மாமாவைப் பார்த்தான், நைனாவைப் பார்த்தான், பிறகு நேரே என்னிடம் வந்து குனிந்தான். அவன் வாயில் வெற்றிலை வாசம் அடித்தது.

"பாப்பா, அவரு ஆரு? ஒனக்கு மாமாதானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மாதிரி அத்தனை பேர் என்னைப் பார்த்தது அதற்கு முன்னால் இல்லை. பொய் சொல்லிப் பழக்கமும் இல்லை. வாய்க்குள் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சொல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுதான் வெளியே வந்தது.

"வூடு வாங்க வந்தவரு" என்றேன்.

அமீனா சிரித்துவிட்டார். "கொழந்தை கரெக்டா சொல்லுதுய்யா" என்றார். கணக்குப்பிள்ளை நிமிர்ந்து குடையை விரித்துக்கொண்டான். அதற்கு மேல் அவன் ஒரே ஒரு முறைதான் கேட்டான். மாமா அதற்கும் ஏற்றினார். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். தமுக்கில் ஒரு அடி விழுந்தது. மாமா மடியை அவிழ்த்துக் கால் பங்கை எண்ணிக் கொடுத்தார், காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், என்னைப் பார்த்தும் பார்க்காமலும் ரயிலடிக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அன்றைக்கு அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. தெருமுனையில் திரும்பும்போது அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. நடிப்பென்று தெரிந்தும் அவருக்கு அது வலித்திருக்கிறது.

கதவு சாத்தியதும் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீட்டைக் காப்பாத்திட்டா எம் பொண்ணு என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நைனா என் தலையில் கை வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. என்னத்தைச் சொன்னேன் என்று பிறகு நினைத்து நினைத்துக் கூசிப்போனது, அதெல்லாம் வளர்ந்த பிறகு.

மீதிப் பணத்தையும் மாமா கெடுவுக்குள் கட்டினார். கோர்ட்டு ஏலத்தை உறுதி செய்து வீட்டை அவர் பேருக்கு எழுதிக் கொடுத்தது. மாமா அந்தப் பத்திரத்தை விரித்துக்கூடக் காட்டவில்லை. "இது உங்க வூடு மாப்ள. எப்ப தோதுபடுதோ அப்பத் திருப்பி எழுதிக்கலாம். ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார். தங்கை புருஷனை 'மாப்ள' என்று கூப்பிடுவதுதான் அவர் வழக்கம்; நைனா அவரை 'பாவா' என்பார்.

அதன் பிறகு நைனா மாறிப்போனார். வீட்டுக்குள் சத்தமாகப் பேசுவதில்லை. சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டியிருந்தபோது, "ஒங்க அண்ணனை ஒரு வார்த்த கேட்டுக்க" என்று அம்மாவிடம் சொன்னார். முருங்கைக்காய் பறிக்கும்போது கிளையை உடைத்துவிட்டேன் என்று என்னை முதல் முறையாக அடித்தார். கடைத்தெருவில் கூட்டாளிகள், "இன்னாபா, வூட்டோட மாப்ள ஆயிட்ட? மச்சான் வூட்டுச் சோறு ஒத்துக்குதா?" என்று கிண்டல் செய்வார்கள். நைனாவும் கூடச் சிரிப்பார். சிரித்துவிட்டுத் தேங்காயை ஓங்கி உடைப்பார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊரெல்லாம் காவடியும் அரோகராவும். மாமா குடும்பத்தோடு வந்திறங்கினார். தெருமுனையிலேயே "கொய்யாக்கா!" என்று கத்தினார். அம்மா ஓடிப்போய், சித்திரையில் சொல்லாமல் விட்டதற்கும் சேர்த்து, "வாங்கண்ணா, வாங்க வாங்க" என்று அழைத்தாள். மடியில் எனக்குக் கொய்யா இருந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

மதியம் இலை போட்டாயிற்று. மாமா கதவுக்கு நேரே பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நைனா கடையை விட்டுச் சாப்பிட வந்தார். செருப்பைக் கழற்றி, கால் கழுவி, ஒரு காலை வாசற்படிக்கு உள்ளே வைத்தார். மாமாவுக்கு அவரைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம். எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி,

"வாங்க மாப்ள, வாங்க!" என்றார்.

உள்ளே வைத்த காலை நைனா மெதுவாக வெளியே எடுத்துக்கொண்டார்.

"கடையில ஆளில்ல பாவா. நீங்க சாப்புடுங்க. வரேன்" என்றார். அவர் குரல் விருந்தாளியின் குரல் போல மரியாதையாக இருந்தது. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் ஓடிப்போய் நைனாவின் கையைப் பிடித்து இழுத்தேன். கற்பூர வாசம் அடிக்கிற கை.

"உள்ள வா நைனா. மாமா வாங்கன்னு சொல்றாரு பாரு."

அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு நடந்தார்.

பிறகு அரக்கோணம் ரோட்டில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து எங்களை அழைத்துப் போனார். அஞ்சாவதோடு என் படிப்பு நின்றது. மாமா எத்தனையோ முறை வந்து கூப்பிட்டார், அழுதும் பார்த்தார். அவர்மேல் குற்றம் சொல்ல எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நைனா அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. மலைக்குப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டு போனார். அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு நான் நைனாவுக்குப் போட்டிருந்த இலையின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. வாங்க என்று சொல்லிவிட்டார்களே, இனி வராமல் எப்படி இருப்பார் என்று நினைத்தேன்.