ஊருணித் தண்ணீரும் ஒரு பொய்யும்

ஆவூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு ஜெபமாலையம்மாள் சுகாதார ஊழியராக வந்தது ஐம்பத்து மூன்றாம் வருடம். வாந்திபேதிக்குப் புருஷனைப் பறிகொடுத்தவள். இன்னொருத்தியின் தாலியாவது தப்பட்டும் என்றுதான் அந்த வேலையை ஏற்றாள்.

அந்த ஊரில் பேதி வந்தால் ஐயனார் தெருக்காரர்கள் மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றுவார்கள். மாதா தெருக்காரர்கள் புனித செபஸ்தியார் சுரூபத்தைத் தூக்கி வருவார்கள். ஒரு தெருவின் ஊர்வலத்துக்கு மற்றத் தெரு வழிவிட்டுக் கைகூப்பும். இரண்டு தெருவும் குடித்தது ஒரே ஊருணித் தண்ணீரை.

"இது சாமி குத்தமில்லை, தண்ணிக் குத்தம். நோயாளி துணியை ஊருணியில அலசாதீங்க. தண்ணியக் கொதிக்கவச்சுக் குடிங்க" என்று வீடு வீடாகச் சொன்னாள். மெல்ல மெல்ல நம்பினார்கள். அந்த நம்பிக்கையே வினையாகும் என்று பாவி மகள் கண்டாளா?

அடுத்த கோடையில் மறுபடியும் பேதி. மாதா தெரு ஆரோக்கியமுத்துவின் ஒரே மகன் ஒரே பகலில் சுருண்டு போனான். அடக்கம் முடிந்த கையோடு அந்தத் தெரு ஆண்கள் அரிவாளும் கம்புமாக ஊருணிக் கரைக்கு வந்தார்கள். எதிரே ஐயனார் தெரு திரண்டது.

"சாமி கோபம்னா அழுதுட்டுப் போயிருவோம்! தண்ணியில வந்துச்சுன்னு நர்சம்மா சொல்லிருக்கு. எவன்டா அலசுனது? ஆளைக் காட்டு!" என்று ஆரோக்கியமுத்து கத்தினான்.

"ஏன், ஒங்க தெருவுல யாரும் துணியே கட்டுறதில்லையோ?" என்றான் ஐயனார் தெருப் பெரியண்ணன்.

அலசியது யார் என்று ஜெபமாலைக்குத் தெரியும். ஐயனார் தெருக் காத்தாயி. பேதியில் செத்த கைக்குழந்தையின் துணியை வீட்டில் வைக்கக் கூடாது என்று மாமியார் விரட்ட, ஊருணியில் அலசிவிட்டாள். பிறகு ஜெபமாலையின் மடியில் விழுந்து கதறினாள். இப்போது கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். வாயைத் திறந்தால் காத்தாயி போவாள். மூடினால் இரண்டு தெருவும் வெட்டிக்கொண்டு சாகும்.

"நான்தான் அலசுனேன்!" என்று அலறியபடி ஜெபமாலை நடுவே போய் விழுந்தாள். "வெட்டுறதா இருந்தா என்னைய வெட்டுங்கண்ணே!"

ஓங்கிய அரிவாள் தாழ்ந்தது. ஆரோக்கியமுத்து காறித் துப்பினான்.

"ஊருக்குச் சொல்றது ஒண்ணு, தான் செய்யிறது ஒண்ணா? இனிமே இவ பேச்சைக் கேக்குறவ எவளும் இந்த ஊருல இருக்கக் கூடாது."

"எங்க தெருவுக்கும் அதே பேச்சுத்தான்" என்றான் பெரியண்ணன்.

சண்டை நின்றது. அவள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அன்றோடு செத்தது.

மறுநாள் தகரப் பெட்டியோடு விராலிமலை பஸ்ஸுக்கு நின்றவளிடம் காத்தாயி ஓடி வந்தாள். கையில் சொம்பு, இடுப்பில் மிச்சமிருந்த ஒரே பிள்ளை செவந்தி.

"என் உசுரைக் காப்பாத்துனீங்கக்கா. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"காய்ச்சுனியா?"

காத்தாயி தலை குனிந்தாள். "தண்ணிப் பானையை அடுப்புல ஏத்துனாலே, 'அவ பேச்சைக் கேக்குறியாடி'ன்னு அடிக்க வாராங்கக்கா."

அதற்குள் செவந்தி சொம்பை இழுத்து மடக் மடக்கென்று குடித்தாள். ஜெபமாலை பாய்ந்து பிடுங்கினாள்.

பாதிச் சொம்பு காலியாகியிருந்தது.