இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு

எங்கள் அப்பா மைக் செட் வைத்திருந்தார். ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு டேப், கொஞ்சம் டியூப்லைட். கேசட் மட்டும் ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தது. மற்ற பிள்ளைகள் கல்லாங்காய் விளையாடினார்கள். நான் கேசட் கேட்டேன்.

ஒன்பது வயதில் எனக்கு அத்தனையும் மனப்பாடம். ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் வேறு. பிள்ளையார் கேசட் எல்லா விசேஷத்துக்கும் முதலில் ஓடும். ஓடி ஓடி நாடா தேய்ந்து, பாடுகிறவருக்குச் சளி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அது பள்ளிக்கூடத்துப் பிரேயர். நின்று முடித்தால் போதும். அம்மன் கேசட் பங்குனிப் பொங்கலுக்கு. உடுக்கைச் சத்தம் வந்ததும் கை முடி எழுந்து நிற்கும். ஆனால் மூன்றாவது பாட்டும் முதல் பாட்டும் ஒரே மெட்டு, அம்மன் பெயர்தான் வேறு. இதை அப்பாவிடம் சொன்னேன்.

"சாமி குத்தம். வாயக் கழுவு" என்றார்.

கல்யாண வீட்டு நாதஸ்வரத்தில் பேச்சே கிடையாது. அதனாலேயே பிடிக்கும். தவில் மட்டும் இடையில் வந்து சண்டைக்கு நிற்கும். கிறிஸ்துமஸுக்குப் பாலவனத்தம் பக்கம் போடுகிற கேசட்டில் பத்துப் பேர் சேர்ந்து பாடுவார்கள். நம்முடையதில் ஒருத்தர் பாடுவார், மற்றவர்கள் கேட்க வேண்டும். இதில் எல்லோருக்கும் வாய் இருந்தது. கேட்டால் துவைத்த சட்டை போட்ட மாதிரி இருக்கும்.

இதையெல்லாம் நான் சொல்லக் கேட்டது அம்மா மட்டும்தான். கேட்க அவளுக்கு நேரம் வந்தது அந்த வருடத்தில்தான்.

அந்த வருடம் மழை இல்லை. பருத்தி முளைத்ததோடு சரி. அம்மா கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டாள். வயிற்றில் புண் என்றார்கள். அப்பாவும், அம்மாவின் அண்ணனான மாமாவும் மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பதினைந்து நாள் வைத்திருந்து திரும்பக் கூட்டி வந்தார்கள். "புண்ணு ஆறிருமாம்" என்று அப்பா சொன்னார். சொல்லும்போது ஸ்பீக்கர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. நான் நம்பினேன். அம்மாவும் நம்பினாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "இன்னைக்கு என்ன கேசட்டு?" என்பாள். வீட்டுக்கென்று இருந்த சின்ன டேப்பில் போடுவேன்.

பெயர் ஒட்டாத இங்கிலீஷ் கேசட் ஒன்று இருந்தது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அப்பா மலிவாக வாங்கியது. எந்த விசேஷ வீட்டிலும் அதைப் போடச் சொன்னதில்லை. தறி ஓடுகிற மாதிரி ஒரு அடி, அதற்கு மேல் ஒருத்தன் கத்துவான்.

"இவன் என்ன சொல்றான்?"

"தெரியலம்மா. கத்துறான்."

"பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போயிருப்பா."

இளவட்டங்கள் விரும்பிக் கேட்கிற காதல் சோகப் பாட்டுக் கேசட்டை அவள் பாதியில் நிறுத்தச் சொன்னாள். "வேல வெட்டிக்குப் போகாம பாடிக்கிட்டுத் திரிஞ்சா எவ வருவா?" என்றாள். எனக்கும் அதே கருத்துதான்.

தகரப்பெட்டியில் சேராத கேசட் ஒன்று உண்டு. ஒப்பாரிக் கேசட். சாவு வீட்டுக்கு மட்டும். அதை அப்பா வீட்டுக்குள் கொண்டு வர மாட்டார். வெளியே ஆட்டுக் கொட்டகையில் மஞ்சப் பையில் போட்டு ஆணியில் மாட்டியிருப்பார். அதைத் தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார். குழாயில் அந்தப் பாட்டுக் கேட்டால் போதும், ஊரில் சாவு என்று தெரிந்துகொள்வார்கள். எந்தத் திசையில் கேட்கிறதோ அந்தத் திசைக்கு நடப்பார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அதுதான். அதில் பாடுகிற பொம்பளை யார் என்று தெரியாது. அட்டையில் பெயர் இல்லை. அவள் அழ மாட்டாள். செத்தவரிடம் கேள்வி கேட்பாள். வாளி கிணற்றடியில் கிடக்கிறது, நீ எங்கே என்பாள். வெந்நீர் ஆறிப்போகிறது, எழுந்திரு என்பாள். பதிலுக்கு நிற்கிற மாதிரி கொஞ்சம் நிறுத்துவாள். அந்த நிறுத்தம் வேறு எந்தக் கேசட்டிலும் இல்லை.

ஆனால் முழுசாகக் கேட்டதில்லை. இரண்டாம் பக்கம் ஓடும்போது, பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் பொம்பளைகள் கிளம்பிவிடுவார்கள். கொட்டுக்காரர்கள் அடிக்க ஆரம்பிப்பார்கள். அப்பா நிறுத்திவிடுவார். கடைசிப் பாட்டில் அவள் என்ன கேட்கிறாள் என்று தெரியாமல் நான் அலைந்தேன்.

அன்று சனிக்கிழமை. ஒரு ஸ்பீக்கர் ரிப்பேராகி அருப்புக்கோட்டையிலிருந்து வந்திருந்தது. அப்பா அதை வேப்பமரத்தில் கட்டி, "அலோ, அலோ" சொல்லிப் பார்த்தார். பிறகு காதுகுத்து வீடு ஒன்றைப் பேசி வரத் திருச்சுழிக்கு பஸ் ஏறினார். ஒயரைக் கழற்றவில்லை.

அம்மா மாத்திரை போட்டிருந்தாள். அரைத் தூக்கம்.

"எல்லாம் கேட்டதாவே இருக்கு. புதுசா இல்லையா தாயி?"

"இருக்கும்மா" என்றேன்.

கொட்டகைக்குப் போய் மஞ்சப் பையை எடுத்தேன். நான் யோசிக்காமல் செய்யவில்லை. யோசித்தேன். செத்தால்தான் சாவு. எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. அது ஊருக்கும் தெரியும். அதனால் வெறும் பாட்டு என்றுதான் நினைப்பார்கள். இவ்வளவு நன்றாகப் பாடுகிறவளை ஊரும் ஒரு தடவை நிம்மதியாகக் கேட்கட்டும் என்று பெரிய செட்டிலேயே போட்டேன். இரண்டாம் பக்கம். சத்தத்தை முக்கால் வரை திருப்பினேன்.

உள்ளே அம்மா கண்ணைத் திறந்தாள்.

"யாரு வீட்டுல?" என்றாள்.

"யாரும் சாகலம்மா. நான்தான் போட்டேன்."

திட்டுவாள் என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கேட்டாள். "நல்லாத்தான் பாடுறா. அப்பா வந்தா உன்னைய உரிச்சிருவாரு. இந்தப் பாட்டு முடியவும் அமத்திரு" என்றாள்.

முடியவில்லை. அதற்குள் அப்பாவின் அக்கா, என் அத்தை, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடி வந்தாள். மாரில் அடித்துக்கொண்டே வந்தாள்.

"என்னப் பெத்த தாயி, பச்சப் புள்ளைய விட்டுட்டுப் போயிட்டியே!"

பின்னால் ஏழெட்டுப் பொம்பளைகள். ஒருத்தி கையில் அகப்பை இருந்தது. ஆம்பிளைகள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள். வாசலில் பாதிப் பேர் உட்கார்ந்து ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்து அழவே ஆரம்பித்துவிட்டார்கள்.

அம்மா சுவரைப் பிடித்து எழுந்து வாசல் நிலைக்கு வந்தாள்.

அத்தைக்குக் கை மாரிலேயே நின்றுவிட்டது.

"ஏண்டி... இருக்கியா?"

"இருக்கேன் மதினி."

குழாயில் பாடுகிறவள் மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள், வெந்நீர் ஆறுகிறது என்று. அத்தை என் முதுகில் இரண்டு வைத்தாள். "எடுபட்ட சிறுக்கி, ஆத்தாளுக்கு இப்பவேவா பாட்டுப் போடுற?" எந்தப் பொத்தானை அமர்த்துவது என்று தெரியாமல் ஒயரைப் பிடித்து இழுத்தாள். பாட்டு நின்றது.

அகப்பைக்காரி மூக்கைச் சிந்தினாள். "அடுப்புல சோத்தப் போட்டுட்டு ஓடியாந்தேன். இந்நேரம் தீஞ்சிருக்கும்."

"அழுத வரைக்கும் நல்லாருந்துச்சு" என்றாள் அம்மா. "முழுசா அழுதுட்டே போங்க. நானும் கேட்டுக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்தார்கள்.

அப்போது ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மாமா இறங்கினார். டீக்கடைக்காரர் மாமா ஊரான எம்.ரெட்டியபட்டிக்குப் போன் போட்டுவிட்டாராம். பாட்டுப் போட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. தலையில் துண்டு. கையில் அருப்புக்கோட்டை ஜவுளிக்கடைப் பை. நிலையில் நிற்கிற தங்கச்சியைப் பார்த்ததும் பையைப் பின்னால் கொண்டுபோனார்.

"என்னண்ணே அது? குடு."

"ஒண்ணுமில்ல தாயி."

"குடுண்ணே."

கொடுத்தார். அரக்குச் சேலை, பச்சைக் கரை. செத்த பொம்பளைக்குப் பிறந்த வீடு போர்த்துகிற கோடி. எனக்கு அது கோடி என்று தெரியாது. நல்ல சேலை என்று தெரிந்தது. அம்மா கரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எப்பண்ணே எடுத்த?"

மாமா தரையைப் பார்த்தார்.

"சும்மா... எடுத்து வச்சிருந்தேன்."

"கலரு நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா.

நான் மாமா வேட்டியைப் பிடித்து, "எனக்கு எடுக்கலையா மாமா?" என்று கேட்டேன். அவர் வாயில் துண்டை வைத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போய்விட்டார்.

சாயங்காலம் அப்பா வந்து அந்தக் கேசட்டின் நாடாவை உருவி வேலியில் எறிந்தார். என்னை அடிக்கவில்லை. ரொம்ப நாள் அந்த நாடா கருவேல முள்ளில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அம்மா அதற்குப் பிறகு என்ன கேசட் என்று கேட்கவில்லை. நாதஸ்வரம் போட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். ஐப்பசியில் போனாள். அதே சேலையைத்தான் போர்த்தினார்கள். ஊரில் பாட்டில்லாமல் நடந்த சாவு மைக் செட்காரர் வீட்டுச் சாவு ஒன்றுதான். நான் எட்டாவதோடு நின்று மில்லுக்குப் போனேன்.

இப்போது போனில் எல்லாப் பாட்டும் கிடைக்கிறது. என் மகள் தேடித் தருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

அரை மணி நேரத்தில் சேலை எடுத்துக்கொண்டு வர முடியாது. எங்கள் பக்கம் ஜவுளிக்கடைக்கு டவுனுக்குத்தான் போக வேண்டும். ஓடி வந்த அத்தனை பேரில் ஒருத்தர்கூட யார் செத்தது என்று கேட்கவில்லை. கேட்டது அம்மா ஒருத்திதான். அவளுக்கு யாரும் சொல்லாமல் வைத்திருந்ததை நான் மரத்தில் கட்டிய குழாயில் சொன்னேன்.

இதெல்லாம் பிறகு புரிந்தது. அன்று அம்மா சேலைப் பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தேன். முதுகு வலித்தது. எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருந்தது.