தங்கராசுவின் இடுப்பு வலி

"தங்கராசு போயிட்டாருங்க" என்று குன்னத்திலிருந்து போன் வந்தபோது நான் ஒரு மாட்டுக் கொட்டகையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பசுக்களுக்குச் சினை ஊசி போடும் வேலையில் பதினோரு வருடம் நாங்கள் கூட்டாளிகள். சுற்றியுள்ள ஊர்களில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. மாடு வளர்க்கும் உங்களில் பலர் வீட்டுக் கன்றுகள் அவர் கைராசியில் பிறந்தவைதான்.

எங்கள் பிழைப்பே, காளை விந்தை உறையவைத்துக் காக்கும் நைட்ரஜன் கேனில் இருந்தது. குலுங்கினால் உள்ளே இருக்கும் திரவ நைட்ரஜன் சீக்கிரம் ஆவியாகித் தீர்ந்துவிடும். அதனால் குலுங்காத சைக்கிள் வாங்க 2003இல் பெரம்பலூருக்குப் போனேன். தங்கராசுவும் துணைக்கு வந்தார். முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த சிவப்பு சைக்கிளில் ஏறி எம்பிப் பார்த்தேன், மெத்தையேதான்.

"யோவ், மெத்தையில படுக்கவா போற? எந்த வழியில போற, எதத் தூக்கிட்டுப் போறன்னு மொதல்ல யோசி" என்றார்.

நான் கேட்டால்தானே! கேரியர் இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. கேனுக்காக வாங்கிய சைக்கிளில் கேன் வைக்க இடமில்லை.

அடுத்த வாரமே, மாடு பருவத்துக்கு வந்துவிட்டது என்று செல்வியக்கா ஆள் அனுப்பியிருந்தார். அவருக்கு இருந்தது ஒரே மாடு. இரண்டு முறை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. "இந்தத் தடவயும் தப்பிடுச்சுன்னா தரகருக்குத்தாங்க" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். பொழுது தாண்டினால் பருவம் போய்விடும். கேனை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக் கிளம்பினேன். அது முழங்காலில் இடித்தது. மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் சைக்கிள் கீழே அமுங்கியதே தவிர முன்னால் நகரவில்லை. மக்காச்சோளக் காட்டோரம் மூச்சுவாங்க நின்றுவிட்டேன்.

இப்படித்தான் ஆகும் என்று தெரிந்து பின்னாலேயே வந்திருக்கிறார் தங்கராசு. கேனைத் தன் பழைய கறுப்பு சைக்கிளின் கேரியரில் டியூப் வைத்துக் கட்டினார். "நீ என் வண்டியில போ. இந்த மாப்பிள்ளய நான் தள்ளிட்டு வரேன்."

அந்த முறை சினை பிடித்தது. கிடேரிக் கன்று. மாடு தரகரிடம் போகவில்லை.

நான் மேட்டில் நின்றுபோனதற்கு மறுநாள் காலையிலேயே தங்கராசு என் வீட்டுக்கு வந்திருந்தார். "எனக்கு இடுப்பு வலிய்யா. ஸ்பிரிங்கு எனக்குத்தான் தோதுப்படும். என் வண்டிய நீ வெச்சுக்க" என்றார். சீட்டுக்குக் கீழே ஓர் இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்து, அதில் கேனை வைத்துக்கொண்டு நான்கு வருடம் ஓட்டினார். நான் தேர்ந்தெடுத்தது அவருக்காவது பயன்பட்டதே என்று டீக்கடையில் பெருமை வேறு பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே டீ குடிப்பார்.

துக்க வீட்டில் அந்தச் சைக்கிள் சுவரோரம் நின்றது. "இடுப்பு வலிக்கு இதாவது ஒத்தாசையா இருந்துச்சே" என்றேன் அவர் மனைவியிடம்.

"அவருக்கு ஏதுண்ணே இடுப்பு வலி? மிதிக்கிறதுல பாதி ஸ்பிரிங்குக்கே போவுதுன்னு தெனம் காலுக்குல்ல தைலம் தேப்பாரு!"

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

கறுப்பு சைக்கிளைத் துடைத்து அவர் வீட்டில் விட்டுவிட்டு, என்னுடையதை வாங்கி வந்தேன். இப்போது அவருடைய ஊர்களும் என் பொறுப்பு. அவர் பற்றவைத்த சட்டத்தில் கேனை வைத்து, அந்தச் சிவப்பு சைக்கிளில்தான் போகிறேன். மேட்டில் பாதி மிதி ஸ்பிரிங்குக்குப் போகிறது. போகட்டும்.